பாய்லர் அணைந்த காலை

இங்கிலாந்தின் வடக்கே, பனியும் மழையும் மாறி மாறிப் பெய்யும் ஒரு சிறு நகரத்தில், புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஆட்கள் ஒரு வீட்டை வாங்கி மடமாக்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒட்டிய வீடுகள். தெருவிலிருந்து பார்த்தால் மடம் என்று தெரியாது. உள்ளே ஞானாம்பிகை அம்மை இருந்தார்.

அம்மைக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் குணநாயகத்துக்கு எழுபது. குணநாயகம் அம்மையை விழுந்து கும்பிடுவார். அம்மை அவரை "அண்ணை" என்று கூப்பிடுவார். இதில் இருவருக்கும் கூச்சம் இருந்ததில்லை.

மடத்தில் நெருப்பு சம்பந்தப்பட்டதெல்லாம் குணநாயகத்தின் பொறுப்பு. சுவாமி அறையில் ஒரு விளக்கு இரவு பகலாக எரிந்தது. அது அணையாமல் பார்த்துக்கொள்வார். விளக்கு அணைவது அபசகுனம். அணைந்தால் அடுத்த மூச்சு விடுவதற்குள் ஏற்றிவிட வேண்டும் என்பார்.

எரிவாயுவில் எரிந்து வீட்டைச் சூடாக்கும் பாய்லரும் அப்படித்தான் அவர் கைக்கு வந்தது. சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த பழைய வெள்ளைப் பெட்டி அது. ஆயுதபூசையன்று அதற்குத் திருநீறு பூசிச் சந்தனப் பொட்டு வைத்தார். பழுது பார்க்க வந்த வெள்ளைக்காரர் அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிட்டார். அவர் போனதும் குணநாயகம் மறுபடி பூசினார். சமையல் செய்யும் இராசமணி அன்றிலிருந்து பெட்டியை "வெள்ளைச்சாமி" என்றே சொன்னாள்.

பழுது பார்க்க வந்தவர் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். உள்ளே சுடர் நின்றுபோனால் பெட்டியில் ஒரு சிவப்பு வெளிச்சம் வரும். பக்கத்துப் பொத்தானை ஒருமுறை அழுத்தலாம். மறுபடியும் நின்றால் கையை எடுத்துவிட வேண்டும். தன்னைக் கூப்பிட வேண்டும்.

குணநாயகம் தலையாட்டினார். இராசமணியும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

தை மாதம் குணநாயகத்தின் மனைவி யோகமலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இருதயம் நின்றது. நெஞ்சை அழுத்தி மறுபடி இயக்கினார்கள். யோகமலர் கண் விழித்து, "ஏனப்பா நெஞ்சு இப்பிடி நோகுது?" என்று கேட்டார். விலா எலும்புகள் முறிந்திருந்தன. சில நாளில் இருதயம் மறுபடி நின்றது. அப்போதும் இயக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் கண் திறக்கவில்லை.

ஒரு காலை குணநாயகம் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மடத்துக்கு வந்தார். காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றவும் மறந்து நடையில் நின்றார்.

"சாப்பிட்டீங்களோ அண்ணை?" என்றாள் இராசமணி.

அவர் சுவாமி அறைப் பக்கம் பார்த்தார்.

"அப்ப இல்லை. புட்டு இருக்கு. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. மடத்தைக் கூட்டுறது நான்தான்."

குணநாயகம் உள்ளே போய் அம்மையின் முன் உட்கார்ந்தார்.

"அம்மை, ஒரு கேள்வி."

"கேளுங்கோ அண்ணை."

"டொக்டர் மத்தியானம் வரச் சொல்லியிருக்கிறார். இன்னொரு தரம் நிண்டால் இயக்கிறதோ, விடுறதோ எண்டு என்னைக் கேக்கிறார். விடுறதுதான் நல்லது எண்டு அவர் நினைக்கிறார். ஆனால் என்ர மனதையும் கேக்கவேணுமாம்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"எத்தினை தரமெண்டாலும் இயக்குங்கோ எண்டு கத்திப்போட்டன். எல்லாரும் திரும்பிப் பாத்தினம். வெளியிலை வந்தன். கால் இஞ்சை வந்திட்டுது." அவர் நிமிர்ந்து அம்மையைப் பார்த்தார். "மத்தியானம் நான் என்ன சொல்லுறது அம்மை?"

அம்மை பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து இராசமணி கூப்பிட்டாள்.

"அண்ணை! உங்கட வெள்ளைச்சாமி நூந்து போச்சுது!"

அணைந்துவிட்டது என்று காதில் விழுந்ததும் குணநாயகம் எழுந்து ஓடினார். சிவப்பு வெளிச்சம் எரிந்தது. பொத்தானை அழுத்தினார். உள்ளே டிக் டிக் என்றது. நீலமாக ஒரு சுடர் பிடித்தது, அடங்கியது. மறுபடி சிவப்பு.

மறுபடி அழுத்தினார். டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒருக்காத்தானே அமத்தச் சொன்னவன் அந்த வெள்ளைக்காரன்?" என்றாள் இராசமணி.

"நீ சும்மா இரு பிள்ளை."

அழுத்தினார். சிவப்பு. அழுத்தினார். சிவப்பு.

"அது என்ன கோலிங் பெல்லே அண்ணை? உள்ளுக்கிருந்து ஆர் வந்து திறக்கிறது?"

அவருக்கு அது கேட்கவில்லை. பெருவிரலைப் பொத்தானில் வைத்து, உடம்பின் பாரமெல்லாம் கொடுத்து அழுத்தினார். பிறகு சுவாமி அறைக்குப் போனார். பெட்டிக்குக் காட்டவென்று தட்டில் கர்ப்பூரம் வைத்து, எரிந்த விளக்கிலிருந்து அதைக் கொளுத்திக்கொண்டு திரும்பினார். உதடுகள் எதையோ முணுமுணுத்தன.

நடையில் அம்மை நின்றார். மூக்கைச் சுளித்து மணம் பிடித்தார். அடுத்த கணம் குனிந்து கர்ப்பூரத்தை வாயால் ஊதி அணைத்தார்.

கர்ப்பூரத்தை வாயால் ஊதுவது எங்கள் ஆட்களிடம் இல்லை. தெரியாமல் ஊதும் பிள்ளைக்கும் அடி விழும். குணநாயகம் தட்டைப் பின்னுக்கு இழுத்தார்.

"காஸ் மணக்குது," என்றார் அம்மை. "இராசமணி அக்கா, லைற் சுவிச்சிலை கை வையாதேங்கோ. பின்கதவைத் திறந்துபோட்டு வெளியிலை போங்கோ."

அவர் சுவாமி அறைக்குத் திரும்பினார். எதற்கென்று குணநாயகத்துக்கு விளங்கிவிட்டது.

"அம்மை, வேண்டாம். அது மட்டும் வேண்டாம்."

அம்மை விளக்கையும் ஊதி அணைத்தார். பிறகு படிக்கட்டின் கீழே கைவிட்டு, எரிவாயு வரும் குழாயின் பிடியைக் குறுக்காகத் திருப்பி அடைத்தார். யன்னல்களைத் திறந்தபடி வந்தார். குணநாயகத்தின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

மூவரும் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றார்கள். பனி பெய்துகொண்டிருந்தது. அம்மை அங்கிருந்தே எரிவாயுக் கசிவுக்கான அவசர எண்ணுக்குப் பேசினார். வந்து பார்க்கும்வரை யாரும் உள்ளே போகவேண்டாம் என்றார்கள். இராசமணி வீட்டுச் செருப்பும் மெல்லிய சட்டையுமாக நடுங்கினாள். அம்மை தன் போர்வையை அவள் தோளில் போட்டார்.

"விளக்கை ஊதிப்போட்டீங்கள்," என்றார் குணநாயகம். அம்மை தலையசைத்தார்.

"ஓம்."

"அவ அங்கை கிடக்கேக்கை."

"ஓம்."

"இது என்ன சகுனம் அம்மை?"

"மூண்டு பேரும் உயிரோடை ரோட்டிலை நிக்கிறம்."

"அரை உயிரோடை," என்றாள் இராசமணி. சொன்ன பிறகு குணநாயகத்தின் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்தாள்.

திறந்து கிடந்த யன்னல்களில் திரைச்சீலைகள் உள்ளும் வெளியுமாகப் போய் வந்தன.

"அண்ணை," என்றார் அம்மை, "அந்தப் பெட்டியை ஆர் நூத்தது?"

"ஒருத்தரும் இல்லை. அது தானாத்தான் நூந்தது."

"திரும்பத் திரும்ப அமத்தினீங்கள். என்ன வந்தது?"

"காஸ் வந்தது."

"நெருப்பு?"

"வரேல்லை."

குணநாயகம் தன் வலது பெருவிரலைப் பார்த்தார். சிவந்து வீங்கியிருந்தது.

"முதல் தரம் அமத்தினது பிழையோ அம்மை?"

"இல்லை. அமத்தாமல் விட்டிருந்தால் நான் உங்களை ஏசியிருப்பன்."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு எதைப் பாத்து அமத்தினீங்கள்?"

அவர் யோசித்தார். "அந்தச் சிவப்பு லைற்றைத்தான். அது எரியக்கூடாது எண்டு மட்டும்தான் இருந்தது."

"பெட்டிக்குள்ளை என்ன நடக்குது எண்டு பாத்தீங்களோ?"

"இல்லை."

தெருவில் ஒரு பஸ் சேற்றுப் பனியைத் தெறித்துக்கொண்டு போனது. அது ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பஸ். குணநாயகம் அது மறையும்வரை பார்த்தார்.

"அவவின்ர தலைமாட்டிலை ஒரு மிஷின் இருக்கு," என்றார். "கோடு ஒண்டு ஓடும். இத்தினை நாளும் நான் அந்தக் கோட்டைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். கோடு மேலை போனால் எனக்குச் சந்தோஷம். நேற்று நேர்ஸ் வந்து, அவவைத் திருப்பிப் படுக்க வைக்கப்போறம், கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ எண்டா. அப்பதான் பாத்தன். முகம் முழுக்க வேறையாப் போச்சுது அம்மை. எப்ப அப்பிடிப் போனது எண்டு எனக்குத் தெரியாது."

இராசமணி போர்வையால் முகத்தைத் துடைத்தாள்.

"விடச் சொன்னால் நான் அவவைக் கொலை செய்ததாகாதோ?"

அம்மை எதிரே இருந்த மடத்தைப் பார்த்தார். பெட்டியை யார் அணைத்தது என்று ஏற்கெனவே கேட்டதை அவர் மறுபடி கேட்கவில்லை.

குணநாயகமும் அதைப் பார்த்தார், பிறகு அவரே சொன்னார். "ஆகாது."

அவர் அழவில்லை. பனி அவர் தலையில் விழுந்து உருகாமல் கிடந்தது.

"இனி ஒரு வழியும் இல்லையோ அம்மை? ஒரு விரதம், ஒரு நேர்த்தி? நீங்கள் சொல்லுங்கோ. என்னெண்டாலும் செய்யிறன்."

"இல்லை அண்ணை."

"ஒண்டுமே?"

"ஒண்டுமே இல்லை."

தெருமுனையில் எரிவாயுக்காரரின் வண்டி திரும்பியது. இராசமணி கையசைத்துக்கொண்டு அதை நோக்கிப் போனாள். குணநாயகம் மேலங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். போகத் திரும்பியவர் நின்றார்.

"விடச்சொல்லி டொக்டருக்குச் சொல்லிப்போடுவன். அது எனக்கு ஏலும். சொன்ன பிறகு அவவுக்குப் பக்கத்திலை போய் நான் என்ன செய்யிறது?"

"அவவின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு சும்மா இருங்கோ," என்றார் அம்மை. "இதைவிடக் கஷ்டமான வேலை நான் உங்களுக்கு இதுவரைக்கும் தந்ததில்லை."