சும்மா கூப்பிட்டது

“நல்ல ஆளே கிடைக்க மாட்டேங்குதுங்கம்மா,” என்றார் சென்னியப்பன்.

அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சென்னியப்பனைவிட வயதில் சின்னவர். மலையடிவாரத்தில் அந்தச் சிறிய மடத்தை நடத்துபவர். மனசு சரியில்லாத போதெல்லாம் சென்னியப்பன் அங்கே வந்து உட்கார்வது வழக்கம்.

கோயம்புத்தூரில் லிப்ட் பழுது பார்க்கும் சின்னக் கம்பெனி அவருடையது. ஆட்கள் ஊர் பூராவும் ஆளுக்கொரு கட்டடத்தில் இருப்பார்கள். பேச்சு எல்லாம் போனில்தான்.

நேற்று ரங்கதுரை வேலையை விட்டுவிட்டான். மிச்சம் இருப்பவர்களில் தொழில் தெரிந்தவன் பூவரசன் மட்டும்தான்.

“அவனும் போயிட்டா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதானுங்க. புதுசா ஆள் எடுக்கணும். ஒருத்தனைப் பார்த்ததுமே இவன் நிப்பானா, ஓடிப்போவானான்னு கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லுங்க.”

“ரங்கதுரை எதுக்குப் போனார்?”

“தெரியலீங்க.”

“கேட்கலையா?”

“இனிமே வரலீங்கன்னான். சரின்னு போனை வச்சுட்டேன்.”

அம்மையார் ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

“அவரை வேலைக்கு எடுத்தப்ப?”

“அன்னைக்கு ஒரு மத்தியானம் பூரா பேசினேனுங்க. எந்த ஊரு, வீட்ல யார் யாரு, எல்லாம் விசாரிச்சுத்தான் எடுத்தேன்.”

“அதுக்கப்புறம்?”

சென்னியப்பன் யோசித்தார்.

“அதுக்கப்புறம் வேலைதானுங்களே.”

வாசலில் ஒரு கூடை இருந்தது. மடத்துக்கு வருபவர்கள் போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அம்மையார் அதைக் கைகாட்டினார்.

“எடுத்துட்டு வாங்க. பூவரசனைக் கூப்பிடுங்க.”

“கூப்பிட்டு?”

“சும்மா.”

“சும்மான்னா... என்னம்மா பேசறது?”

அம்மையார் கீரையை அள்ளிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

சென்னியப்பன் போனை எடுத்து வந்து கூப்பிட்டார். மணி ஒரு தடவைகூட முழுசாக அடிக்கவில்லை.

“முதலாளி! எந்த லிப்ட்டுங்க? உள்ளே யாராச்சும் மாட்டிக்கிட்டாங்களா?”

“அதெல்லாம் இல்லப்பா.”

“இதோ கிளம்பிட்டேனுங்க. வண்டிச் சாவியத்தான் தேடிட்டிருக்கேன்.”

“பூவரசா, லிப்ட் எதுவும் நிக்கல.”

பூவரசன் மெதுவாகக் கேட்டான்.

“அப்ப நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனுங்களா?”

சென்னியப்பன் இத்தனை வருஷத்தில் இவனை வேறு எதற்காவது கூப்பிட்டிருக்கிறோமா என்று தேடிப் பார்த்தார். ஒன்றுகூட அகப்படவில்லை.

“இல்லப்பா. சும்மாதான் கூப்பிட்டேன். சாப்பிட்டியா?”

பூவரசனுக்குப் பின்னால் மேளச் சத்தமும் குழந்தைகளின் கூச்சலும் கேட்டன.

“இன்னும் இல்லீங்க. கோயில்ல இருக்கறோம். பாப்பாவுக்கு இன்னைக்குக் காது குத்துங்க.”

“என்கிட்டச் சொல்லவே இல்லையே நீ?”

“லீவு கேட்டப்பவே சொன்னேனுங்களே முதலாளி.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

அன்றைக்கு அவன் பேசியதில் எந்தத் தேதி என்பது மட்டும்தான் அவருக்கு நினைவிருந்தது.

“சரிங்க, நீங்க வேற ஏதோ சொல்ல வந்தீங்க...”

“பாப்பா ரொம்ப அழுதாளா?”

“ஊரையே கூட்டிட்டாளுங்க!” பூவரசன் சிரித்துவிட்டான். அவன் சிரித்து சென்னியப்பன் கேட்டதே இல்லை. “இப்ப வாயில லட்டை அதக்கிட்டு, வளையம் ஆடுதான்னு தலைய ஆட்டி ஆட்டிப் பார்த்துட்டிருக்கா.”

சென்னியப்பன் தயங்கினார். கேட்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

“பூவரசா, பாப்பா பேரு என்னப்பா?”

“இருங்க முதலாளி. அவளையே சொல்லச் சொல்றேன்.”