ஏரிக்கரை மாளிகைக்கு ஏற்ற விலை

முன்னொரு காலத்தில் ஒரு தேசத்து மன்னன் ஆசை ஆசையாக ஏரிக்கரையில் ஒரு மாளிகை கட்டினான். மழை பெய்தால் அதற்குள் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். வெயில் காலத்தில் வௌவால்கள் குடியேறிவிடும். அதைக் குறை சொன்ன கொத்தனார் சிறையில் கிடந்ததால் வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் மன்னன் சபையில் கேட்டான்: "மாளிகையை விற்கப் போகிறேன். என்ன பெறும்?"

பொக்கிஷதாரர் மழவராயர் முந்திக்கொண்டார். "இரண்டு லட்சம் பொன் பெறும், மகாராஜா. தங்கள் விகடகவி திருவெண்காடன் வாய்ச் சாமர்த்தியக்காரன். அவனே விற்றுத் தரட்டும்." மன்னன் திருவெண்காடனிடம் காட்டும் பிரியம் அவருக்கு நெடுநாளாகக் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

"லட்சத்துக்கே தருகிறேன்" என்றான் மன்னன். "திருவெண்காடா, நாளைக்குள் வாங்க ஓர் ஆளைக் கொண்டு வா. இல்லையேல் உன் தலை இருக்காது."

திருவெண்காடன் கடைவீதிக்கு ஓடினான். அவனைக் கண்டதுமே பட்டு வியாபாரி கடையைச் சாத்தினார். "கொறச்சுக் கேட்டா ராஜாவுக்குக் கோவம் வரும். சொன்ன வெலையக் குடுத்தா நான் ஓட்டாண்டி. என்னை நீ பாக்கவே இல்லப்பா" என்றார், கதவுக்குப் பின்னாலிருந்து.

அவன் வெறுங்கையோடு வீடு திரும்பினான். வாசலில் காவலர் நின்றார்கள். மனைவி உமையாள் அழுதுகொண்டே கேட்டாள்: "ரெண்டு லட்சம் பெறும்னு சொன்னாரே, அந்த மகராசனே வாங்கிக்கிட்டா என்னவாம்?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

மறுநாள் தலை வெட்டும் சேவகன் வாளோடு நிற்க, திருவெண்காடன் சபைக்கு வந்தான். "ஆள் கிடைத்துவிட்டார், மன்னா. இரண்டு லட்சம் பெறும் என்று சொன்ன மழவராயருக்கு லட்சத்துக்குக் கிடைத்தால் லட்சம் லாபம். அவரை விட்டு வேறு யாருக்குக் கொடுப்பது?"

"வாங்கிக்கொள்ளுமே" என்றான் மன்னன்.

மழவராயர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "நான் பிள்ளைகுட்டிக்காரன், மகாராஜா. ஐயாயிரத்துக்குக்கூட எனக்கு அது வேண்டாம். சுவரெல்லாம் ஈரம்."

மன்னன் எழுந்தான். இரண்டு தலைகளும் போயின என்றே திருவெண்காடன் நினைத்தான். ஆனாலும் பேசினான்.

"மன்னா, லட்சம் என்பது தாங்கள் சொன்ன விலை. இரண்டு லட்சம் என்பது தங்களை மகிழ்விக்கச் சொன்ன பேச்சு. வாங்குகிறவன் பயமில்லாமல், மனமொப்பி மடியிலிருந்து எடுத்துத் தருவதுதான் சந்தை மதிப்பு. அதைத் தங்களிடம் சொல்ல இந்த ஊரில் யாருக்கும் தைரியமில்லை."

மன்னன் வாளைத் தன் கையில் வாங்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தான். "அப்படியானால் உன் தலையின் சந்தை மதிப்பு என்ன?"

"சொல்வதற்கில்லை, மன்னா. விற்கிறவனும் மனமொப்ப வேண்டுமே. எனக்கு விற்கும் உத்தேசமில்லை."

மன்னனின் மீசை துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கொத்தனாரை விடுவித்தான். கிடைத்த விலைக்கு மாளிகையைத் தள்ளிவிடச் சொன்னான். தன் முத்துமாலையைக் கழற்றித் திருவெண்காடனுக்குப் போட்டான்.

முத்துமாலையோடு அவன் வீடு வந்து சேர்ந்தான். உமையாள் மாலையை ஒதுக்கிவிட்டு அவன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அதன் பிறகுதான் அவனுக்கும் சிரிப்பு வந்தது.