எழாத ஆலா

கடலின் நடுவே ஒரு பாறைத்தீவு. மரமில்லை, நிழலில்லை. கோடையில் அதன் உச்சியில் இருநூறு ஆலாப் பறவைகள் முட்டையிட்டிருந்தன. ஜோடிக்கு ஒரே முட்டை. பக்கத்து முட்டை அலகுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.

அவற்றுக்கு ஒரு வழக்கம் இருந்தது. காவல் நிற்கும் கருங்கொண்டை என்ற ஆலா குரல் கொடுத்தால் எல்லா ஆலாக்களும் எழுந்து, வானத்தில் சுற்றிச் சுற்றிக் கத்த வேண்டும். எழாத ஆலாவுக்குக் கோழை என்று பெயர்.

ஒரு கடற்காகம் இதைக் கவனித்தது. கருங்கொண்டையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, உங்க குரலுக்கு என்ன மரியாதை! அதோ, வடக்கே ஒரு படகு!"

படகு தூரத்தில் தன் வழியே போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் கருங்கொண்டை கத்தியது. தீவே எழுந்தது. மேலே கத்தியபோது யாரும் கீழே பார்க்கவில்லை. இறங்கியபோது மூன்று முட்டைகளைக் காணோம்.

"படகுக்காரனுக்குக் கை நீளம்!" என்றது கடற்காகம். "இன்னும் முன்னாடியே கத்தணும், அண்ணே!"

பிறகு மிதக்கும் கட்டையைக் கண்டாலும் கத்தல்தான். முட்டைகள் குறைந்துகொண்டே வந்தன.

ஒரு நண்பகலில், சாம்பலி என்ற ஆலாவின் முட்டைக்குள் கீச்சென்று ஒரு சத்தம். குஞ்சு இன்னும் ஓட்டை உடைக்கவில்லை. உள்ளிருந்தே தாயைக் கூப்பிட்டது.

"படகு!" என்று கத்தியது கருங்கொண்டை.

"எழும்புடி! பயமா?" என்றது பக்கத்து ஆலா.

"பயம்தான். பாறை கொதிக்குது. நான் எழுந்தா இது வெந்துடும்."

"வயித்துல கல்லைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா, பாருங்க!"

சிரித்தபடி எல்லாம் எழுந்தன. கீழே சாம்பலி மட்டும் இருந்தது. அப்போதுதான் கடற்காகத்தைப் பார்த்தது. சந்தையில் காய் பொறுக்குவதுபோல, முட்டை முட்டையாகப் பார்த்தபடி அது நடந்து வந்தது.

"நீ எழலையா? படகு வருதே!" என்றது கடற்காகம்.

"அது தண்ணியில வருது. நீ எங்க முட்டைக்கு நடுவுல வர்ற!"

சாம்பலி கொத்தியது. பக்கத்து முட்டையையும் தொடவிடவில்லை. கடற்காகம் அதன் அலகுக்கு எட்டாத இடத்துக்குப் போய், ஒரு முட்டையைத் தூக்கிக்கொண்டு பறந்தது.

இறங்கிய ஆலாக்களிடம் நடந்ததைச் சொன்னது. கருங்கொண்டைக்குக் கோபம் வந்தது.

"என் குரலையா குறை சொல்ற?"

"உன் முட்டை எங்கே, அண்ணே?"

கருங்கொண்டை திரும்பிப் பார்த்தது. அங்கே வெறும் பாறை இருந்தது. அதன் துணை பக்கத்தில் நின்று தேடிக்கொண்டிருந்தது.

மறுநாள் கடற்காகம் வந்தது. "அண்ணே, படகு!"

"தெரியுது," என்றது கருங்கொண்டை. கத்தவில்லை.

ஓர் ஆலாவும் எழவில்லை. கடற்காகம் உள்ளே நுழைந்து பார்த்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் அலகு எட்டியது. அது வெளியேறி, வேறு கரையைப் பார்த்துப் பறந்தது.

சாயங்காலம் சாம்பலியின் முட்டை விரிசல் விட்டது. உட்காரத் தனக்கு முட்டை இல்லாத கருங்கொண்டை, தள்ளி நின்று அதைப் பார்த்தது.

கூட்டமாகக் கத்துவது காவல் ஆகாது. காக்க வேண்டியதை விட்டு எழாமலிருப்பதே காவல்.