மஞ்சள் மாறவில்லை

எஸ்தர் மூன்றாவது முறையாகத் துளி விட்டுப் பார்த்தாள். டியூபில் இருந்த மஞ்சள் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது.

அவள் விட்ட துளி, காட்டு விதை ஒன்றிலிருந்து அவளே பிரித்தெடுத்த என்சைம். நல்ல நிலையில் இருந்தால் ஒரே ஒரு துளி போதும், மஞ்சள் ரோஜா நிறமாகிவிடும். நேற்றுக் காலைவரை ஆகிக்கொண்டுதான் இருந்தது. அந்த விதை இனி மார்கழியில்தான் கிடைக்கும். அவளுக்குக் கொடுத்த கடைசி அவகாசமோ இந்த வெள்ளிக்கிழமையோடு சரி. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருஷ உழைப்பு, போயே போச்சு!

லேபில் வேறு யாரும் இல்லை. இந்த வருஷம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த சுடர்மதியை ஒரு வேலையாக வெளியே அனுப்பியிருந்தாள். டியூப் சுழற்றும் இயந்திரம் மட்டும் சுற்றி முடித்து நின்றுபோய், மூலையில் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

அவளுடைய கைடு பேராசிரியர் உலகநாதன் தாம்பூலப் பையோடு உள்ளே வந்தார்.

"நேத்து எங்க பொண்ணு நிச்சயதார்த்தத்துல நீ சாப்பிடாமயே போயிட்டியாமே? மேடத்துக்கு ஒரே வருத்தம். இந்தாம்மா."

அவள் கை நீட்டவில்லை. "என்சைம் செத்துப்போச்சு சார்."

அவர் பையை மேஜையில் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஜெல் ஓட்டிப் பார்த்தியா, சங்கிலி எங்கயாவது அறுந்திருக்கா?"

"பார்த்தேன். இருக்க வேண்டிய இடத்துல ஒரே கோடு. ஒரு அமினோ அமிலம்கூட உதிரல. அதே சங்கிலி, அதே எடை. அப்புறம் ஏன் சார் வேலை செய்ய மாட்டேங்குது?"

தெரியாமலா கேட்டாள்? பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை சாருக்குப் பதிலாக வருஷா வருஷம் எடுப்பதே அவள்தான். என்சைமும் ஒரு புரதம்தான்; அதன் அமினோ அமிலச் சங்கிலி சரியாக மடங்கினால்தான் வேலை செய்யும். சூட்டில் மடிப்பு குலைந்தால் அது சும்மா ஒரு சங்கிலி, அவ்வளவுதான். ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம்.

"எங்க வச்சிருந்த?"

"ஐஸ்லதான்."

"ஐஸ் எங்க போச்சு?"

"உங்க வீட்டு ரோஸ்மில்க்குக்கு."

கடை ஐஸை நம்ப முடியாது, உங்க லேப் ஐஸ்தான் சுத்தம் என்று சாரின் மனைவியான மேடம் போன் செய்திருந்தார். ஐஸ் இயந்திரத்தில் இருந்தது போதவில்லை. எஸ்தர் தன் டியூபை ஜன்னலோரம் எடுத்து வைத்துவிட்டு, அது இருந்த பெட்டி ஐஸையும் தன் கையாலேயே அள்ளிக் கொட்டினாள். பத்து நிமிஷ வேலைதான் எஸ்தர் என்றார் மேடம். போன இடத்தில் தட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேருக்கும் ரோஸ்மில்க் கொடுத்து முடித்துத் திரும்புவதற்குள் மணி மூன்று. சித்திரை வெயில் டியூபின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தது.

உலகநாதன் எழுந்து தானே ஒரு துளி விட்டார். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மஞ்சள் மாறவில்லை.

"எங்க கைடு வீட்டுல ஒரு வளைகாப்பு," என்றார் அவர். "வளையல் வாங்க என்னை டவுனுக்கு அனுப்பினாங்க. திரும்பி வந்து பார்த்தா, எட்டு மாசமா நான் வளர்த்த பாக்டீரியா மொத்தமும் கெட்டுப்போய்க் கிடக்குது. இதே மேஜைகிட்ட நின்னுதான் அழுதேன். என்கிட்ட வர்ற பிள்ளைங்களை ஒருநாளும் இப்படி நடத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் புரொபசர் ஆயிட்டேன்."

ஏழு வருஷமாக எஸ்தர் வாயில் அடக்கி வைத்திருந்தது தானாகவே வந்துவிட்டது. "வெக்கமா இல்லையா சார் உங்களுக்கு?"

"இருக்கு. நேத்து நீ தட்டைத் தூக்கிட்டு நின்னப்பவும் இருந்துச்சு. அதோடதான் ஒரு டம்ளர் வாங்கிக் குடிச்சேன்."

திட்டினால்கூட ஒத்துக்கொள்கிற மனுஷன்.

"மூளையில ஒரு புரதம் உண்டே, நீ நடத்துற பாடம்தான்," என்றார். "அதுல ஒண்ணு தப்பா மடங்கிட்டா என்ன ஆகும்?"

"பக்கத்துல இருக்கிற நல்லதை ஒட்டி, அதையும் தன்னை மாதிரியே மடக்கும். அது அடுத்ததை மடக்கும். கடைசியில மூளை சல்லடையாயிடும்."

"கிருமியா அது?"

"கிருமியும் இல்ல, விஷமும் இல்ல. நல்லதுல இருக்கிற அதே சங்கிலிதான்."

"ம்."

எஸ்தர் டியூபை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு அவள்தான் கேட்டாள். "அப்படித் தப்பா மடங்கினது திரும்பச் சரியா மடங்குமா சார்?"

அவர் மூலையைத் திரும்பிப் பார்த்தார். "எவ்வளவு நேரமாக் கத்துது அது! யாரோட டியூப் உள்ள?"

"சுடர்மதியோடது."

"நின்னதும் எடுத்து ஐஸ்ல வைக்கணுமே. அவ எங்க?"

எஸ்தர் தன் கையைப் பார்த்தாள். பத்து நிமிஷ வேலைதான், போயிட்டு வந்துடு என்று வண்டிச் சாவியை நீட்டியது இந்தக் கைதான். அந்தப் பெண் ஒரு தடவை இயந்திரத்தைப் பார்த்தாள், ஒரு தடவை இவளைப் பார்த்தாள், பிறகு சாவியை வாங்கிக்கொண்டாள். அவள் பார்த்தது எஸ்தருக்குத் தெரியாமல் இல்லை.

"என் பையனைக் கூப்பிட ஸ்கூலுக்குப் போயிருக்கா சார்."

உலகநாதன் தாம்பூலப் பையை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தார். கதவுவரை போய் நின்றார்.

"சரியா மடங்குமான்னு கேட்டியே. எனக்குத் தெரியாதும்மா. பக்கத்துல இருக்கிறதைத் தொடாம இருக்கலாம். என்னால அதுகூட முடியல."