குண்டுக்கு மெழுகு காய்ச்சும்போது ஏன் பேசுவதில்லை

விலங்குக்கும் பூச்சிக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், ஒரு மலை முகட்டில் வேடியம்மா என்றொரு பெண் இருந்தாள். அவள் கணவன் பொன்னான் காய்ச்சலில் இறந்துவிட்டான். இருவரும் கல் பொறுக்கித் திருத்திய சாமைக் காடும், அவன் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியும்தான் அவளுக்கு மிச்சம்.

ஒரு வருஷம் மழை தவறியது. முகட்டுச் சுனை ஓர் ஆள் குடிக்கும் அளவுக்குச் சுருங்கியது. மேலே இருந்த குடும்பங்கள் ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கின. கடைசியாக இறங்கியவன் பொன்னானின் தம்பி தீர்த்தன்.

"நீங்களும் வாங்க அண்ணி. இங்கே உங்களுக்கு யார் இருக்கா?"

"சாமை பால் பிடிச்சிருக்கு தீர்த்தா. இதை விட்டுட்டு வந்து அங்கே யார் கையைப் பார்த்து நிக்கிறது? நீ போ, நான் அறுத்துட்டு வர்றேன்."

அவன் போன பிறகு முகட்டில் மனிதக் குரல் இல்லாமல் போயிற்று. குடிசைக்குப் பக்கத்து வேங்கை மரப் பொந்தில் தேனீக்கள் இருந்தன. பகலில் அவை பேசும். ஆனால் எப்போதும் வேலை, நின்று கேட்க நேரம் இருக்காது. பொழுது சாயும்போது கிழக் கரடி ஒன்று வந்து அடுப்பருகே உட்காரும். அதற்கு நேரம் நிறைய இருந்தது. தன் பல்வலியைச் சொல்லும். வேடியம்மா தன் கணவன் குறட்டை விட்டதைச் சொல்வாள். கரடி அதே மாதிரி குறட்டை விட்டுக் காட்டும். "இன்னும் கொஞ்சம் இழுத்து விடணும்" என்று அவள் திருத்துவாள். அப்படி ஒருநாள் சிரித்தபோதுதான், கணவன் போன பிறகு சிரிப்பதே இப்போதுதான் என்பது அவளுக்கு உறைத்தது.

கதிர் முற்றத் தொடங்கியதும் காட்டுப்பன்றிகள் வந்தன. வேடியம்மா ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றிக் குண்டு செய்து சுட்டாள். எல்லாம் கோணலாகப் போயின. ஒவ்வொரு குண்டும் போகும்போது துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் ஈயத்தை அப்பிவிட்டுப் போயிற்று. அப்பிய ஈயம் அடுத்த குண்டைத் தடுத்தது. கொஞ்ச நாளில் ரொம்பப் பக்கத்தில் இருப்பதைத் தவிர வேறெதையும் அந்தத் துப்பாக்கியால் அடிக்க முடியவில்லை. பன்றிகளுக்கு அது தெரிந்துவிட்டது. அவள் கண்ணெதிரிலேயே நின்று மேய்ந்தன.

தேனீக்கள் சொல்லின: "குண்டு மேல எங்க மெழுகைத் தடவிப் பாரு. குழல்ல ஒட்டாம வழுக்கிக்கிட்டுப் போகும்."

பழைய தேனடையைத் தந்தன. அவள் உருக்கித் தடவினாள். காலைக் குளிரில் மெழுகு காய்ந்து, தோல் உரிவதுபோல் உதிர்ந்தது.

"கொழுப்பு சேர்க்கணும். அப்பதான் இளகிக் குண்டுல ஒட்டும்" என்றன தேனீக்கள்.

கொழுப்புக்கு எங்கே போவது? ஆடு மாடெல்லாம் அடிவாரத்தில். அன்று மாலை கரடியிடம் சொன்னாள். கரடி வயிறு குலுங்கச் சிரித்தது.

"என் முதுகுல கிடக்கே, வேணுங்கிற அளவுக்கு! நானும் இந்தப் பனியைத் தாண்ட மாட்டேன். போனப்புறம் எடுத்துக்க. வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

வேடியம்மாவும் சிரிக்கப் பார்த்தாள். பனிக்கு இன்னும் நாள் இருந்தது. சாமை பனிவரைக்கும் காத்திருக்காது.

அடுத்த நாள் விடிந்து பார்த்தபோது சாமைக் காட்டில் பாதி மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அவள் வரப்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சப் பாதியும் போனால் மழைக்காலம் வரை சோறு இல்லை. ரொம்பப் பக்கத்தில் வருவதைத்தான் துப்பாக்கி அடிக்கும். அவ்வளவு பக்கத்தில் வருவது அந்த முகட்டில் ஒன்றே ஒன்றுதான்.

மாலையில் கரடி அவளுக்குத் தின்ன இலந்தைப் பழம் கொண்டுவந்தது. அடுப்பருகே வைத்துவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

"ஒரே அரிப்பு. கொஞ்சம் சொறிஞ்சு விடேன்."

அவள் சொறிந்துவிட்டாள். கரடி கண்ணை மூடிக்கொண்டது. அவள் பின்னால் கையை நீட்டித் துப்பாக்கியை எடுத்தாள்.

பிறகு சட்டியில் மெழுகை உருக்கினாள். கொழுப்பைச் சேர்த்துக் கிண்டினாள். இரண்டும் கலந்து மஞ்சளாகத் திரண்டது. அதில் குண்டுகளைப் புரட்டி எடுத்து இலையில் ஆறவைத்தாள். குழலைச் சாம்பலால் தேய்த்துச் சுத்தம் செய்தாள். இந்தத் தடவை குண்டு தடையில்லாமல் இறங்கியது, நேராகவும் போயிற்று. பெரிய பன்றி விழுந்ததும் மற்றவை ஓடிவிட்டன. அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை. அவள் சாமையை அறுத்துக் குதிரில் கொட்டினாள்.

தேனீக்கள் கேட்டன: "கரடி எங்கே? பொந்துப் பக்கம் வரவே இல்லையே?"

"மலைக்கு அந்தப் பக்கம் போயிருக்கு."

அன்று எந்தத் தேனீயும் வேலைக்குப் போகவில்லை. சில வந்து சட்டியின் விளிம்பில் உட்கார்ந்தன. தங்கள் மெழுகில் கலந்திருந்த வாசனை அவற்றுக்குத் தெரிந்த வாசனை. ஒன்றும் கேட்காமல் எழுந்து பறந்தன. அன்றே பொந்தைக் காலி செய்துகொண்டு, ஆள் ஏற முடியாத செங்குத்துப் பாறைக்குப் போய்விட்டன. வேடியம்மா பாறையடியில் நின்று கூப்பிட்டாள். மேலே ரீங்காரம் மட்டும் கேட்டது. அதில் ஒரு சொல்லும் இல்லை.

அதற்குப் பிறகு அவளிடம் பேச யாரும் இல்லை. புதுச் சாமையைப் பொங்கி, எதிரே இருந்த வெறும் இடத்தைப் பார்த்தபடி தின்றாள். முதலில் தனக்குத்தானே பேசினாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டாள். அடிவாரத்துக்கு இறங்கலாம்தான், ஆனால் தீர்த்தன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது?

தீர்த்தனே ஒருநாள் மேலே வந்தான். கூடவே சில ஆட்கள்.

"அண்ணி, கீழேயும் பன்றி அழிச்சாட்டியம் பண்ணுது. எங்க துப்பாக்கியெல்லாம் அடைச்சுக்குது. உங்க குதிர் நிறைஞ்சிருக்கே, உங்களுது மட்டும் எப்படி அடைக்காம சுடுது?"

வேடியம்மா அவனைப் பார்த்தாள். குடிசையைத் தாண்டித் தள்ளிப் போய், ஒரு மரத்தடியில் கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். மெழுகைப் போட்டாள். மிச்சமிருந்த கொழுப்பைப் போட்டாள். கிண்டினாள்.

"இது என்ன கொழுப்பு அண்ணி?"

அவள் கிண்டிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது. புகை என்று நினைத்தார்கள்.

ஓர் ஆள் மறுபடியும் ஏதோ கேட்க வாயெடுத்தான். தீர்த்தன் அவன் கையைப் பிடித்து அழுத்தினான். "சும்மா இரு. இதைக் காய்ச்சும்போது பேசக் கூடாது போலிருக்கு" என்று காதோடு சொன்னான். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, அவள் செய்வதை முழுக்கப் பார்த்துக் கற்றுக்கொண்டு இறங்கினார்கள்.

அன்று முதல்தான் அந்த மலைக்காரர்கள் ஈயக் குண்டுக்கு மெழுகு காய்ச்சும்போது வீட்டைவிட்டுத் தள்ளி, தனியாக உட்கார்ந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் காய்ச்சுகிறார்கள். ஏன் என்று கேட்டால், பேசினால் மெழுகு ஒட்டாது என்று சொல்கிறார்கள்.