யானை சொன்ன பதில்

முன்னொரு காலத்தில், தன்னைச் சிரிக்க வைப்பதற்கென்றே ஆள் வைத்திருந்த ராஜா ஒருவன் இருந்தான். அந்த ஆளின் பெயர் சிற்றம்பலம். பிரதானி அனந்தய்யருக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

ராஜாவின் பிறந்தநாளுக்குப் பிரதானி, பட்டத்து யானைக்குத் தங்க முகபடாம் செய்து கொடுத்தார். அதை நெற்றியில் கட்டி யானையை ராஜா முன் நிறுத்தினார்கள். யானையோ தும்பிக்கையைத் தூக்கி வணங்கவே இல்லை.

“மகாராஜா, யானைக்கே உங்கள் மேல் மரியாதை போய்விட்டதே!” என்றான் சிற்றம்பலம். சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. பாகன்தான் வேண்டுமென்று இப்படிப் பழக்கிவிட்டான் என்று பிரதானி தூபம் போட்டார். பாகன் நல்லாண்டியை ஏழாம் நாள் கழுவேற்றுவது என்று தீர்ப்பாயிற்று.

சிற்றம்பலத்துக்குச் சோறு இறங்கவில்லை. பாழாய்ப்போன வாய்! ஒரு சிரிப்புக்காக ஒருவன் உயிரையே வாங்கப் போகிறதே! பாகனை விட்டுவிடும்படி ஆறாம் நாள் சபையில் விழுந்து கெஞ்சினான். பிரதானிக்கு வாயெல்லாம் பல்.

“ஏன் வணங்கவில்லை என்று யானையே மகாராஜாவிடம் சொல்லட்டும். நாளைக்குள் இவன் சொல்ல வைக்காவிட்டால் இவனுக்கும் கழுமரம்” என்றார். ராஜா தலையசைத்தான்.

சிற்றம்பலம் சிறைக்கு ஓடினான். “எங்கே தட்டினா யானை வணங்கும்? சொல்லுப்பா!”

“தட்ட வேணாம் சாமி, அதுக்கு...” பாகன் நிறுத்திக்கொண்டான். இதற்கு முன் அவன் சொல்ல வந்தபோதெல்லாம் இந்த இடத்தில்தான் எல்லாரும் அவன் வாயை அடைத்திருந்தார்கள். சிற்றம்பலம் கேட்பதற்காக அவன் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

“படாத்துக்கு உள்பக்கம் ஒரு ஆணி மடக்காம நிக்குது சாமி. தும்பிக்கையத் தூக்கினா நெத்தியில குத்தும். அன்னிக்கே சொன்னேன்.”

மறுநாள் சிற்றம்பலம் முகபடாத்தைச் சபைக்குக் கொண்டுவந்தான். “யானையின் பதில் இதற்குள் இருக்கிறது, மகாராஜா. நெற்றியில் வைத்து அழுத்தினால்தான் கேட்கும்.”

ராஜா அழுத்தினான். “ஐயோ!” என்று துள்ளினான். நெற்றியில் ரத்தம் துளிர்த்தது.

“கேட்டதா, மகாராஜா?”

“நன்றாகவே கேட்டதடா!” வலியோடு சிரித்தான் ராஜா. தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். பிரதானி தலை குனிந்தார்.

சிற்றம்பலம் கை நீட்டவில்லை. “அன்று யோசிக்காமல் கேலி பேசியவன் நான். எனக்கெதற்குப் பரிசு? பாகனைக் கூப்பிட்டு அவன் பேச்சைக் கேளுங்கள், போதும்.”

விலங்கோடு வந்த நல்லாண்டியின் எதிரே ராஜா இறங்கி வந்து நின்றான். “சொல்லப்பா. இன்று யாரும் குறுக்கே பேச மாட்டார்கள்.”

பிரதானியைப் பற்றித்தான் சொல்வான் என்று சபையே நினைத்தது. பாகன் கையெடுத்துக் கும்பிட்டான்.

“யானை சாப்பிட்டுச்சா, மகாராஜா?”

சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. ராஜா பாகனின் கையைப் பிடித்துக்கொண்டு யானைக்கொட்டிலுக்கு நடந்தான்.