சட்டையின் உள்ளே ஒரு பொத்தான்

அந்தக் காலத்தில் பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசினார்கள். அப்போது ஜப்பான் நாட்டில், கடலோர ஊர் ஒன்றின் கடைசி வீட்டில், கிகுனோ என்ற தையல்காரி தனியாக வாழ்ந்தாள். ஆற்றங்கரைத் தறியில் நெய்த துணி, மலைக்கு அப்பால் அவுரிச் சாயம் தோய்ந்து அவளிடம் வந்து சேரும். வெட்டுவதும் தைப்பதும் அவள் வேலை. ஆண்டுக்குப் பன்னிரண்டு சட்டைகள்தான் தைப்பாள். யாராவது சட்டை கேட்டு வந்தால் உடனே அளவெடுக்க மாட்டாள். ஒரு நாள் முழுவதும் அவர் பின்னாலேயே போய், அவர் வலை இழுப்பதையும் விறகு சுமப்பதையும் பார்ப்பாள். கை எவ்வளவு உயர்கிறது, முதுகு எங்கே வளைகிறது என்று கண்டுகொண்ட பிறகே கத்தரியை எடுப்பாள். சிப்பி ஓட்டைத் தேய்த்துப் பொத்தானும் அவளே செய்துகொள்வாள்.

அப்படித் தைத்த சட்டை லேசில் கிழியாது. வாங்கிப் போனவர்கள் பத்து ஆண்டுகளுக்கு அந்தப் பக்கம் வருவதில்லை. பல நாட்கள் கிகுனோ வாய் திறந்தது நூல் நுனியை நனைப்பதற்கு மட்டும்தான்.

ஒரு முறை, பொத்தான் அறுந்துபோன சட்டையோடு ஒரு மீனவர் வந்தார். அவள் தைத்து முடிக்கும்வரை உட்கார்ந்து, தன் மகள் கல்யாணத்தில் மழை கொட்டிய கதையைச் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை முழுவதும் அவர் குரல் வீட்டுக்குள்ளேயே இருப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

அடுத்த சட்டையில் கழுத்துப் பொத்தானை மூன்றே சுற்று நூலில் நிறுத்தினாள். முடிச்சுப் போடவில்லை. அதற்கடுத்த சட்டையிலும் அப்படியே செய்தாள்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். "இந்த ஒரு பொத்தான் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது, அக்கா," என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள்.

அவள் கூரையில் வந்து உட்காரும் கடற்காகம் ஒன்று ஒருநாள் கேட்டது: "ஏன் முடிச்சுப் போடாமல் விடுகிறாய்?"

"மறந்துவிட்டேன்."

"எல்லாச் சட்டையிலுமா?"

அவள் அடுத்த சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

அந்த ஆண்டு பனி முன்னதாகவே விழுந்தது. ஒரு காலையில் கடற்காகம் தாழப் பறந்து வந்தது. "கரி சுமக்கும் யாசுகே மலைப்பாதையில் விழுந்து கிடக்கிறான். நீ தைத்த சட்டையில் கழுத்துப் பொத்தானைக் காணோம். நெஞ்செல்லாம் பனி."

கிகுனோ ஊராரைக் கூட்டிக்கொண்டு ஓடினாள். யாசுகே பிழைத்துக்கொண்டான். ஆனால் நெஞ்சில் இருமல் தங்கிவிட்டது. மலையேறும் வேலை அதோடு போயிற்று.

அவள் அவன் படுக்கையருகே போய் உட்கார்ந்தாள். "பொத்தானைத் தளர்வாகத் தைத்தது நான்தான், யாசுகே."

"தெரியாமல் நடந்ததுதானே?"

"தெரிந்தேதான் செய்தேன். மறுபடியும் வருவாய் என்று."

"கூப்பிட்டிருந்தாலே வந்திருப்பேனே, அக்கா," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் அவள் வீடு வீடாகப் போனாள். தான் தைத்த சட்டைகளையெல்லாம் வாங்கிப் பொத்தான்களை இறுக்கி முடிச்சுப் போட்டாள். ஒவ்வொரு சட்டையின் உட்புறத்திலும் இன்னொரு பொத்தானைச் சேர்த்துத் தைத்தாள். வெளியூரில் அறுந்தாலும் கையில் ஊசி உள்ள யாரும் எடுத்துத் தைத்துக்கொள்ளலாம்.

"இனி உன்னைத் தேடி யார் வருவார்கள்?" என்றது கடற்காகம்.

"வர வேண்டிய தேவை இருக்காது," என்று சொல்லி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அந்தக் குளிர்காலம் யாரும் வரவில்லை. அடுத்த குளிர்காலமும் வரவில்லை. யாரையாவது கூப்பிடலாம் என்று இரண்டு முறை வாசல்வரை போனாள். திரும்பி வந்து தையலில் உட்கார்ந்தாள்.

அன்று தொடங்கியதுதான் இந்த வழக்கம். இன்றும் புதுச் சட்டையைப் புரட்டிப் பார்த்தால், உட்புறம் கீழோரத்தில், எந்தக் காஜாத் துளையிலும் சேராமல் ஒரு பொத்தான் தனியாக இருக்கும்.